தேர் நாளில் சோணைமுத்து எங்கே இருந்தார்?

மாலை மயங்கி, மேற்கே மலை மெல்ல மறைந்துகொண்டிருக்கும் இந்தப் பொன்னான பொழுதில் மன்றம் நிறைய வந்தமர்ந்திருக்கும் பெருமக்களே!

பால்கோவாவில் சர்க்கரையை அளந்து போட்டாலும் பாசத்தை அளக்காமல் போடுகிற விழாத் தலைவர், பெரியவர் அபுபக்கர் அவர்களே! அன்று எனக்கு ஆய்வாளராக இருந்து, இன்று துணைக் கண்காணிப்பாளராக உயர்ந்து முன்னிலை வகிக்கும் ராஜரத்தினம் அவர்களே! ராஜபாளையத்துப் பஞ்சாலையில் பகல் ஷிப்டை முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டிவிடாமல் ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே! வ. புதுப்பட்டியிலிருந்தும் சோழபுரத்திலிருந்தும் வயற்காட்டுச் சேற்றைக் கழுவிவிட்டு பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! முனைவர் பட்டம் பெற்று வந்திருக்கும் விழா நாயகி, தேர் ஓடும் நம் ஊருக்கும் ராஜபாளையத்துக்கும் பொதுப் பிள்ளையான சப்ரீன் அவர்களே! பேன்சி ஸ்டோர் வியாபாரத்துக்கு நடுவே அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்து ஆளாக்கிய நூர்னிசா அவர்களே! உங்கள் அத்தனை பேரையும் இந்தச் சுடலையம்மாள் சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்.

என்னைப் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காவல்துறையில் முப்பத்து மூன்று ஆண்டு. அதில் பத்தொன்பது ஆண்டு ஸ்டேஷன் ரைட்டர். நீங்கள் புகார் சொல்ல வரும்போது மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, "பேரைச் சொல்லுங்க, அப்பா பேரைச் சொல்லுங்க" என்று கேட்டு எழுதுவாரே, அவர்தான். லத்தி பிடித்ததைவிடப் பேனா பிடித்ததே அதிகம். எந்த ஸ்டேஷன் என்று மட்டும் கேட்காதீர்கள். பென்ஷன் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.

சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் செத்த நேரத்தில் சிரிப்பு வராது.

என் மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலில் மலை. மழைக்காலம் வந்துவிட்டால் அந்த மலை காலையில் இருக்கும், மத்தியானம் மேகத்துக்குள் போய்விடும், நாலு மணிக்கு யாரோ துடைத்து வைத்த மாதிரி திரும்ப வந்து நிற்கும். பக்கத்துத் தெருவில் பால் சுண்டுகிற வாசம் வரும். எதிரே உட்கார்ந்து ஒருவர் காணாமல் போன ஆட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "கனவு ரைட்டர்" என்றுதான் ஸ்டேஷனில் எனக்குப் பெயர். ஆனால் கை எழுதிக்கொண்டே இருக்கும். என் கையெழுத்தை மாவட்டத்து அலுவலகத்திலேயே பாராட்டியிருக்கிறார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

அன்பார்ந்தவர்களே! ஆராய்ச்சி என்றால் என்ன? ஆதாரம் என்றால் என்ன? கண்ணாடிக் குடுவையும் வெள்ளைக் கோட்டும்தான் ஆராய்ச்சியா? கைரேகையும் கேமராவும் மட்டும்தான் ஆதாரமா? காவல்துறைக்கும் கல்லூரிக்கும் என்ன உறவு? இதையெல்லாம் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு மனிதரின் கதையைச் சொல்லத் தெரியும்.

அவர் பெயர் சோணைமுத்து. ஊர் சோழபுரம். இருபத்தோராவது வயதில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரின் செம்புக் கம்பியைத் திருடினார். பிடிபட்டார். எட்டு மாதம் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்தார். கல்யாணம் செய்தார். பால் அடுப்பில் நின்று துடுப்புப் போட்டுக் கிளறக் கற்றுக்கொண்டார். பால்கோவா பதம் பார்க்க அவரை விட்டால் ஆளில்லை என்று கடைக்காரர்களே சொல்வார்கள். எட்டு மாதத் தண்டனை எட்டு மாதத்தில் முடிந்தது. எங்கள் லிஸ்டில் முடியவில்லை.

எது அந்த லிஸ்ட்? ஆடி மாதம் தேர் வருகிறதல்லவா? திசை எங்கிலுமிருந்து ஜனம் திரள்கிறதல்லவா? அந்தக் கூட்டத்தில் சங்கிலி அறுபடும். அறுபடாமல் இருக்க நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். தேருக்கு முந்தின நாள், பழைய குற்றவாளிகளை ஸ்டேஷனுக்கு வரவழைத்து, மூன்று நாள் உட்கார வைத்துவிடுவது. முன்னெச்சரிக்கை என்று பெயர். யார் தொடங்கிய வழக்கம்? தெரியாது. எதனால் தொடங்கியது? தெரியாது. எனக்கு முன்னால் இருந்த ரைட்டர் எழுதினார், நானும் எழுதினேன். அம்புட்டுதான்.

மற்றவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். சோணைமுத்துவை யாரும் போய்க் கூப்பிட வேண்டியதில்லை. அவரே வந்துவிடுவார். தோளில் துண்டு, கையில் டிபன் கேரியர். "வந்துட்டேம்மா" என்பார், ஏதோ வேலைக்கு வந்த மாதிரி. ஒருநாள் கேட்டேன், "நீயா எதுக்குய்யா வாரே?" என்று. "ஜீப்பு எங்க தெருவுக்குள்ள வந்தா சனம் வேடிக்கை பாக்கும்மா. அதுக்கு நானே நடந்து வந்துருதேன்" என்றார். வந்தவர் சும்மாவும் இருக்க மாட்டார். கட்டுக் கட்டாகக் கிடக்கும் காகிதங்களைத் தூசி தட்டிக் கட்டி வைப்பார். அலமாரியின் மேல்தட்டு எனக்கு எட்டாது, அவர்தான் பதிவேட்டை எடுத்துக் கொடுப்பார். கொரோனாக் காலம் போக, ஏழு தேர் இப்படிப் போயிற்று. ஏழு தேருக்கும் இவர் தவறாமல் வந்து உட்கார்ந்திருந்தார்.

தேர் என்பது மூன்று நாள் விடுப்பா சார், கடைக்காரர்களுக்கு? வருடத்திலேயே அன்றுதான் வியாபாரம்! அடுப்பு அணையாமல் எரிய வேண்டிய நாளில் துடுப்புக்காரர் இல்லையென்றால் எந்த முதலாளி பொறுப்பார்? ஏழு வருடத்தில் ஐந்து கடை மாறினார் சோணைமுத்து. ஐந்தாவது கடை...

தலைவர் அவர்கள் ஏன் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்? நிமிருங்கள் பாய், உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஐந்தாவது கடை நம் தலைவருடையதுதான். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். "இந்தத் தேருக்கு நீ அடுப்புல நிக்கணும் சோணை. நிக்கலேன்னா பொறவு நீ வர வேண்டாம்ப்பா. எனக்கும் வேற வழியில்ல."

அதைக் கேட்டுவிட்டுத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால், ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், சோணைமுத்துவின் மனைவி வெங்கடேஸ்வரி என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரைட்டரம்மா, இந்த ஒரு தேருக்கு மட்டும் எங்க வீட்டாள விட்ருங்கம்மா. இந்தக் கடையும் போச்சுன்னா இந்த ஊர்ல அவியளுக்கு அடுப்பு கிடையாது. எங்கிட்டோ திருப்பூரு பக்கம் போயிருவேங்காக. நானும் பிள்ளைகளும் என்னம்மா செய்ய?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லிஸ்டு என் கையில இல்லம்மா, மேல பேசுங்க" என்றேன். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். மலை மேகத்துக்குள் இருந்தது. அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். லிஸ்ட் என் கையில்தான் இருந்தது, பெருமக்களே. என் கையெழுத்தில்தான் இருந்தது.

அந்த வாரம்தான் சப்ரீன் வந்தார். மேலதிகாரியிடம் முறையாக அனுமதி வாங்கிய கடிதம், கையில் ஒரு நோட்டு, தோளில் ஒரு பை. புள்ளியியல் படிக்கிற பிள்ளை. "மேடம், பழைய புகார்ப் பதிவேடு பாக்கணும். எங்க, எப்ப, என்ன நடந்துச்சுன்னு எழுதிக்கிட்டுப் போயிருவேன்" என்றார். எனக்குள் ஒரு ஏளனம். முப்பது வருடம் காக்கி போட்ட எங்களுக்குத் தெரியாததா இந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடப் போகிறது? ஒரு மூலையைக் காட்டினேன், ஒரு ஸ்டூலைக் காட்டினேன். ஒன்பது நாள் அந்த மூலையில் இருந்தார். பேச்சே கிடையாது. பக்கம் புரள்கிற சத்தம், மின்விசிறி சத்தம், வெளியே மழைத்தூறல். எனக்குத் தூக்கம் தூக்கமாக வரும்.

பத்தாவது நாள் எழுந்து வந்தார். என் மேசையில் இரண்டு பதிவேட்டை விரித்து வைத்தார். இடது பக்கம், தேர் நாட்களில் உட்கார வைத்தவர்களின் லிஸ்ட். வலது பக்கம், அதே நாட்களில் சங்கிலி பறிகொடுத்தவர்களின் புகார். இரண்டும் என் கையெழுத்து.

"மேடம், ஏழு தேர். அறுபத்தோரு சங்கிலி. அந்த அறுபத்தொண்ணும் போகும்போது சோணைமுத்துங்கிறவர் எங்க இருந்தாரு?"

ஒரு சாதாரணக் கேள்வி. என்ன அதட்டலா? என்ன அரட்டலா? குரல்கூட உயரவில்லை.

"இங்கதாம்மா" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா மேடம்?"

"அந்தப் பெஞ்சிலதான் உக்காந்திருந்தாரு. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

சபையோரே! ஒரு பதிவேடு ஒரு அலமாரியில். இன்னொரு பதிவேடு இன்னொரு அலமாரியில். இரண்டுக்கும் நடுவே நாலு அடி. அந்த நாலு அடியைக் கடக்க ஏழு வருடமாக எனக்குத் தோன்றவில்லை. எழுதினேன், எழுதினேன், முத்து முத்தாக எழுதினேன். எழுதியதை ஒருநாளாவது படித்தேனா? அடுக்கி வைத்ததை ஒருநாளாவது விரித்தேனா? தேருக்கு முன்னால் லிஸ்ட் எழுதிய அதே கைதானே தேர் அன்று சங்கிலி போன புகாரை எழுதியது? உள்ளே உட்கார்ந்திருக்கிற மனிதரால் வெளியே சங்கிலி போகாது என்று ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரியுமே! நினைக்க நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ராஜரத்தினம் சாரிடம் போனோம். சார், நடந்ததைச் சொல்லலாமல்லவா? தலையாட்டிவிட்டார், சொல்கிறேன். சார் சிரித்தார். "ரைட்டரம்மா, இவன் உள்ள இருந்தா இவன் கூட்டாளி வெளிய இருப்பான். இதெல்லாம் பிள்ளைக்குத் தெரியாது" என்றார்.

சப்ரீன் எதிர்த்துப் பேசவில்லை. "இருக்கலாம் சார். கூட்டாளி பேரு ஒண்ணாவது எழுதியிருக்கா சார், இந்த ஏழு வருசத்துல?" என்றார். எழுதவில்லை. பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஒரு வருடம் பதினாலு பேரை உட்கார வைத்தோம், அந்தத் தேரில் பதினோரு சங்கிலி போனது. ஆள் பற்றாக்குறையால் இன்னொரு வருடம் நாலே பேரைத்தான் உட்கார வைக்க முடிந்தது, அந்தத் தேரில் போனது எட்டு. கூட உட்கார வைத்தால் குறையும் என்றால், குறைய வேண்டிய வருடத்தில் ஏன் கூடியது? சார் நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "அப்ப எங்கதாம்மா போகுது சங்கிலி?" என்றார். அதிகாரி ஒருவர் ஒரு மாணவியிடம் அப்படிக் கேட்டது பெரிய விஷயம். அவருக்காக ஒரு கைதட்டல் கொடுங்கள்.

நன்றி. எங்கே போகிறது சங்கிலி? எங்கள் பதிவேட்டில் எல்லாப் புகாரிலும் ஒரே வரிதான். "தேர்க் கூட்டத்தில்." ஏனென்றால் நான் "எங்க போச்சு?" என்று கேட்பேன், அவர்கள் "தேர்ல" என்பார்கள், நான் எழுதிவிடுவேன். அதனால் தேர்வடத்தைச் சுற்றி எழுபது போலீஸ் நிற்போம். வருடா வருடம் நின்றோம். வருடா வருடம் போனது.

சப்ரீன் வேறு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பேராசிரியருமில்லை, அவர் அம்மா நூர்னிசாதான். "ஏட்டி, சங்கிலி எப்ப போச்சுன்னு எந்தப் பொம்பளைக்குத் தெரியும்? போனது தெரிஞ்சா விட்டுருவாளா? கடைசியா எப்பத் தொட்டுப் பாத்தேன்னு கேளு. கூட்டத்துக்குள்ள நாம நூறு தடவை கழுத்தத் தொட்டுப் பாப்போம்லா" என்றாராம்.

தாய்மார்களே, உண்மையா இல்லையா? இதோ, இப்போதே முன்வரிசையில் மூன்று பேர் கழுத்துக்குக் கை போய்விட்டது! இருக்கிறதா? இருக்கிறது, பயப்படாதீர்கள், சார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

பறிகொடுத்தவர்களில் பாதிப்பேர் ராஜபாளையத்துக்காரர்கள். தேர் ஓடும் ஊரின் வரைபடம் ஒன்றை ஒரு பாய் அளவுக்கு வரைந்து, ராஜபாளையத்தில் இருக்கும் நூர்னிசா கடையின் சுவரில் ஒட்டினார் சப்ரீன். கடையிலிருந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளையெல்லாம் எடுத்தார். கடைசியாகத் தொட்டுப் பார்த்த இடத்தில் ஒரு பச்சைப் பொட்டு. இல்லை என்று தெரிந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. ஷிப்டு முடிந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நானும் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையில் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன்.

முதல் பொட்டு வைத்தது யார் தெரியுமா? நூர்னிசாதான். அவருடைய தாலிச் சங்கிலியான கருகமணியும் ஒரு தேர் நாளில் போயிருக்கிறது. புகாரே கொடுக்கவில்லை. "நான் நெத்தியில பொட்டு வைக்க மாட்டேன். மேப்புல வைக்கேன்" என்று சிரித்துக்கொண்டே வைத்தார். கண் கலங்கியிருந்தது. அதன் பிறகு பாருங்கள், புகார் கொடுக்காத பெண்கள் எத்தனை பேர்! ஸ்டேஷனுக்கு வரப் பயம், வந்தால் வீட்டில் ஏச்சு, வந்தும் கிடைக்காது என்ற சலிப்பு. என் பதிவேட்டில் அறுபத்தொன்று. அந்தச் சுவரில் தொண்ணூற்று மூன்று.

அந்தச் சாயங்காலங்களை நான் மறக்கவே மாட்டேன். கடைக்குள் வளையல் சத்தம். கண்ணாடி அலமாரியில் விளக்கொளி. ஒரு பெண் வரைபடத்தில் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தேர் நாளை மறுபடி நடந்து பார்ப்பாள். "இங்க மோர் குடிச்சோம், தொட்டேன், இருந்துச்சு. இங்க பால்கோவா வாங்குனோம், தொட்டேன், இருந்துச்சு. இங்ஙன பஸ்சுக்கு நின்னோம்..." என்று கனவில் பேசுகிற மாதிரி பேசுவாள். மற்ற பெண்கள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். பச்சைப் பொட்டு ஒட்டும். சிவப்புப் பொட்டு ஒட்டும். ஒரு ஊரே தன் நினைவை எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான ஒரு விசாரணையை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வாரம் சாரை அழைத்து வந்து காட்டினோம். பச்சைப் பொட்டெல்லாம் ஒரு பக்கம், சிவப்புப் பொட்டெல்லாம் ஒரு பக்கம். தேர் ஓடும் வீதியில் ஏதாவது இருந்ததா? ஏறக்குறைய ஒன்றுமில்லை! தேர் நாளில் பஸ்ஸை ஊருக்குள் விடமாட்டோம் அல்லவா? ராஜபாளையம் பக்கம் ஒரு தற்காலிக பஸ் நிலையம், மதுரை பக்கம் ஒன்று. இரண்டிலும் பெண்கள் உள்ளே நுழைகிற இடம் வரைக்கும் சங்கிலி இருக்கிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து தொட்டால் இல்லை. நடுவில் என்ன இருக்கிறது? நாற்பது அடி நீளத்துக்கு ஒரு மூங்கில் சந்து. இடுப்பில் பிள்ளை, கையில் பை, முன்னால் நெரிசல், பின்னால் நெரிசல். கழுத்துக்குக் கொண்டுபோக ஒரு கை மிச்சமிருக்காது.

அந்த மூங்கில் சந்தைக் கட்டியது யார்? கேளுங்கள், கேளுங்கள்! நாங்கள்தான்! கூட்டம் வரிசையாகப் போகட்டும் என்று காவல்துறை கட்டிய தடுப்பு. காவலுக்குக் கட்டிய சந்தில்தான் களவு நடந்திருக்கிறது. அங்கே ஒரு போலீஸ்கூட நிற்கவில்லை, எல்லோரும் தேருக்குப் போய்விட்டோம். சார் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத நான் ரெண்டு வருசமா நின்னு கட்ட வச்சேன்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த மூங்கில் தடுப்பை எடுத்துவிட்டு, அகலமாக நாலு வழி வைப்பது, உயரமான மேடையில் மைக்கோடு இரண்டு பெண் போலீஸ் நிற்பது என்று முடிவானது. ஆனால் தளவாடமும் ஆளும் ஒரு பக்கத்துக்குத்தான் போதும் என்றார்கள். ராஜபாளையம் பக்கம் மட்டும் மாற்றினோம். மதுரை பக்கம் பழையபடி விட்டோம். எனக்கு வருத்தம். சப்ரீனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்! "மாத்தின இடத்தையும் மாத்தாத இடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கலாம் மேடம். எதனால குறைஞ்சுச்சுன்னு அப்பத்தான் சொல்ல முடியும்" என்றார்.

எல்லாம் சரி. சோணைமுத்து?

தேருக்கு இரண்டு நாள் முன்பு, லிஸ்ட் எழுதச் சொல்லி என்னிடம் காகிதம் வந்தது. பதிமூன்று பெயர் எழுதினேன். பதினாலாவது பெயருக்கு வந்தேன். பேனாவை வைத்துவிட்டுக் காகிதத்தோடு சாரின் அறைக்குப் போனேன். "சார், இந்தப் பேரை எழுத எனக்குக் கை வரல. அவரு எடுக்கலைங்கிறதுக்கு நானே சாட்சி. நீங்க வேற ஆளை வச்சு எழுதிக்கிடுங்க" என்றேன். முப்பது வருடத்தில் ஒரு அதிகாரியிடம் நான் மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை.

சார் என்னைப் பார்த்தார். "போன வருசத்தவிட ஒரு சங்கிலி கூடுதலாப் போச்சுன்னா மேல கேப்பாக. என் பேரும் போகும், உங்க பேரும் போகும். தெரியும்லா?" என்றார். தெரியும் என்றேன். "அவரை மட்டும் விட்டா எப்படி? இந்தப் பதிமூணு பேருக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கோம்?" என்று கேட்டார். காகிதத்தை வாங்கி மேசை டிராயருக்குள் போட்டுவிட்டார். அந்த வருடம் யாரையும் உட்கார வைக்கவில்லை.

தேர் அன்று சாயங்காலம் வரைக்கும் யார் ஸ்டேஷன் படி ஏறினாலும் எழுந்து எழுந்து பார்த்தேன். அடுத்தடுத்த நாட்களில் வந்த புகார்களையெல்லாம் வாங்கினோம், கடைசியாக எங்கே தொட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டே வாங்கினோம். மாற்றாத மதுரை பக்கம் ஐந்து. மாற்றிய ராஜபாளையம் பக்கம் ஒன்று. வேறெங்கும் இல்லை. வருடா வருடம் எட்டும் பத்தும் போன ஊரில் ஆறு. யாரைப் பிடித்தோம்? ஒருவரையும் பிடிக்கவில்லை! யாரை அடித்தோம்? ஒருவரையும் அடிக்கவில்லை! நாற்பது அடி மூங்கிலை அவிழ்த்தோம், அம்புட்டுதான்!

நான் துள்ளினேன். சப்ரீன் துள்ளவில்லை. "ஒரு வருசத்த வச்சுச் சொல்லக் கூடாது மேடம். அடுத்த தேரும் பாக்கணும்" என்றார். அடுத்த தேருக்கு இரண்டு பக்கமும் மாற்றினோம், மூன்று போனது. அதற்கு அடுத்த தேரில் இரண்டு. அந்த இரண்டும் ஏன் போயின என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார். "தெரியலை, பாக்கணும்" என்று சொல்கிற அந்தத் துணிவு இருக்கிறதே, அதற்குத்தான் ஐயா பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்திருக்கிறது!

பெருமக்களே, இப்போதெல்லாம் மத்தியானத்தில் கண்ணயர்ந்தால் எனக்கு ஒரு கனவு வருகிறது. நம் ஊர்களின் எல்லா ஸ்டேஷனிலும் எல்லா அலமாரியும் தானாகத் திறந்துகொள்கின்றன. பதிவேடுகள் இறங்கி வந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்கின்றன. ஒன்று கேட்கிறது, ஒன்று சொல்கிறது. கேட்கட்டுமே! சொல்லட்டுமே! வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை உட்கார வைக்கிற பெஞ்சு ஒவ்வொன்றாகக் காலியாகட்டுமே! விழிக்கும்போது சாயங்கால வெயில் சுவரில் இருக்கும். இது நடக்கும் என்றே அப்போது தோன்றும்.

போன மாதம் பணி ஓய்வுக் காகிதமெல்லாம் முடிந்ததும் சோழபுரம் போனேன். சோணைமுத்துவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தலைவர் கடையில் இப்போது அவர்தான் அடுப்புக்கு மேஸ்திரி. வெங்கடேஸ்வரி காபி கொடுத்தார். "சோணைமுத்து, உனக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன்யா" என்றேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"ஏழு வருசமும் எம்பேர நீங்கதாம்மா எழுதுனீக. அந்தப் பெஞ்சில இருந்து பாத்துக்கிட்டேதான் இருப்பேன், அழகா எழுதுவீக. சங்கிலி போச்சுன்னு யாராச்சும் அழுதுக்கிட்டு வந்தா அதையும் நீங்கதான் எழுதுவீக. எந்தலையப் பாத்துட்டு அவுக சாபம் விட்டுட்டுப் போவாக. அப்ப ஒரே ஒரு தடவ, 'இவன் இங்கதாம்மா உக்காந்திருந்தான், இவன் எடுக்கல'ன்னு அவுககிட்டச் சொல்லிருக்கலாம்லாம்மா?"

எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன்.

இன்று இந்த மன்றத்தில் அந்தச் சங்கிலிகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் பலர் இருக்கிறீர்கள். ஸ்டேஷனில் அவரைப் பார்த்துச் சபித்தவர்களும் இருக்கிறீர்கள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், கடையிலிருந்து நேராக வந்து நிற்கிறார் சோணைமுத்து. உட்காருங்கள் என்றாலும் உட்கார மாட்டேன் என்கிறார். இந்த மாலை, இத்தனை பேர் முன்னிலையில், முன்னாள் ஸ்டேஷன் ரைட்டர் சுடலையம்மாள் வாக்குமூலம் கொடுக்கிறேன். ஏழு தேர் நாளிலும் அவர் என் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவர் எடுக்கவில்லை, தாய்மார்களே. ஒரு சங்கிலிகூட அவர் எடுக்கவில்லை.

கேட்டிருந்த அத்தனை பேருக்கும் என் நன்றி. வணக்கம்.